வாசலில் நின்ற வேறொருத்தி

அந்தப் படம் ஆறடி உயரம், நாலடி அகலம். மரச்சட்டம் போட்டு, மண்டப வாசலில் நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். கடலோரம் நின்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் ஒரு பெண்பிள்ளை. பால்போன்ற முகம், மெலிந்த கைகள், எங்கும் ஒரு மறு இல்லை. மூன்று பின்னேரங்கள் கணினிக்கு முன்னால் இருந்து அதைச் செய்தவள் நான்.

அப்போது நான் வேலணைத் தீவில் ஒரு ஸ்ரூடியோவில் படங்களைத் திருத்தும் வேலையில் இருந்தேன். சாமத்திய வீட்டுப் படங்கள்தான் எங்கள் வேலையில் பெரும்பகுதி. பிள்ளை பெரியவளானதும் உடனே விழா வைப்பதில்லை. வெளிநாட்டு உறவினர் விடுமுறையில் வந்துசேரும் காலம் பார்த்து, மண்டபம் எடுத்து, மணவறை போட்டுச் செய்வார்கள். இரண்டு கிழமைக்கு முன்னரே பிள்ளையை மண்கும்பான் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து, அதில் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து வாசலில் வைப்பது வழக்கமாகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளின் முகத்துக்கும் பொதுவாக ஒரு நிற அளவைக் கணினியில் சேமித்து வைத்திருந்தோம். அதற்கு நாங்கள் இட்ட பெயர் ‘ரோசாப்பால்’. ஒரு தட்டுத் தட்டினால் போதும், தீவுப்பகுதி வெயில் முழுவதும் முகத்தை விட்டுப் போய்விடும். ஒரு தாயும் குறை சொன்னதில்லை. பிள்ளைகளிடம் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதுமில்லை.

அந்தப் படத்தில் இருந்த பிள்ளை சரவணை என்ற ஊர்க்காரி, அப்போது பதின்மூன்று வயது. நல்ல கறுப்பு. பாடசாலை வலைப்பந்து அணியில் தடுத்து விளையாடுபவள் என்பதால் தோள்கள் அகலம். தகப்பனுடையதைப் போன்ற நாடியில், சைக்கிளால் விழுந்த தழும்பு ஒன்று. என் குறிப்புக் கொப்பியில் கடற்கரைக்குப் போன நாளைப் பற்றி இப்படி இருக்கிறது: “செவ்வாய், பின்னேரம் நாலே முக்கால். காற்றுப் பலம். பிள்ளை பயமில்லாமல் நிற்கிறாள்.” அப்படி எழுதிய கையாலேயே அவளுடைய கறுப்பை எடுத்தேன், தோளைச் சுருக்கினேன், கைகளை மெலியவைத்தேன், தழும்பை அழித்தேன். வேலை நேர்த்தியாக வந்தது என்று பெருமையும் பட்டேன்.

விழா ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சுபநேரம் பத்தேகாலிலிருந்து பதினொன்றே முக்கால்வரை. வாசலில் படத்தைச் சரிபார்த்துக்கொண்டு நின்றபோது, உறவுக்காரப் பெண்கள் இருவர் வந்து நின்றார்கள்.

“இதில நிக்கிறது ஆர்? கொழும்பு மாமியின்ர மகளோ?”

“இல்லையடி, எங்கட இவள்தானாம்.”

“அட கடவுளே! அப்ப படத்துக்கே ஆலாத்தி எடுத்திட்டுப் போவம்.”

இருவரும் சிரித்தார்கள். கெட்ட மனத்தோடு சிரித்த சிரிப்பில்லை அது. ஆனால் அலங்கார அறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டி மட்டுமே இருந்தது.

பத்து நிமிடத்தில் தாய் ஓடிவந்தார். “இவள் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறாள். நீரெண்டாலும் வந்து சொல்லிப்பாரும்.” உள்ளேயிருந்து பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்டது. “வாசலில நிக்கிறவளைத் தூக்கிக்கொண்டுபோய் மணவறையில இருத்துங்கோ அம்மா. நான் வரேலாது.”

எனக்குக் கதவைத் திறந்தாள். பூசியிருந்த பவுடரையெல்லாம் ஈரத்துவாயால் துடைத்துவிட்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். அழவில்லை.

“அக்கா, படத்தை நீங்களோ செய்தனீங்கள்?”

“ஓம்.”

“என்ர கை அவ்வளவு மொத்தமோ?”

“இல்லையம்மா.”

“அப்ப ஏன் குறைச்சனீங்கள்?”

“எல்லாருக்கும் அப்பிடித்தான் செய்யிறனாங்கள்.”

“எல்லாருக்குமோ? அப்ப இந்தத் தீவில ஒருத்தரும் வடிவில்லையோ?”

அழகைப் பற்றி நான் நிறையப் படித்தவள். பிழை என்னுடையது என்று மட்டும் சொன்னேன். பிறகு என் பையிலிருந்த மடிக்கணினியைத் திறந்து, கடற்கரையில் எடுத்த எல்லாவற்றையும், கைவைக்காமல் எடுத்தபடி காட்டினேன். அவள் மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்து ஒன்றில் நின்றாள். தாவணியைக் காற்று இழுத்துக்கொண்டுபோக, பந்தைப் பிடிப்பதுபோல் எம்பி அதைப் பிடிக்கிறாள். வாய் நிறையச் சிரிப்பு.

“இது நான்,” என்றாள். “அங்க நிக்கிறதைக் கழட்டுங்கோ. வாறன்.”

கனடாவிலிருந்து வந்திருந்த தாய்மாமனார் என்னை மறித்தார். “இவ்வளவு வடிவான படத்தை ஏன் கழட்டுறீர்?”

“வடிவுதான் அண்ணை. ஆனா அது உங்கட மருமகள் இல்லை.”

அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார். “உண்மையைச் சொன்னா, வாசலில கண்டவுடனை எனக்கே ஆரெண்டு தெரியேல்லை. கனகாலம் காணாததில பிள்ளை மாறிட்டாளாக்கும் எண்டு நினைச்சன்.” சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சட்டத்தின் ஒரு பக்கத்தை அவர் தூக்க, மறுபக்கத்தை நான் தூக்கினேன். அப்பால் கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தோம்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பிள்ளை வந்தாள். தட்டு ஏந்திய பெண்கள் முன்னே போக, அவள் வாசலின் வெறும் இடத்துக்கு வந்ததும் நின்றாள். ஆலாத்திக் கதை சொன்ன மாமி எதிரே நின்றார்.

“வாங்கோ மாமி. இதுதான் நான்.”

மாமிக்கு முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு அவர் சமாளித்துக்கொண்டு, “தெரியுமடி,” என்றார். “கொப்பற்ற நாடியெல்லே.” இம்முறை பிள்ளையும் சேர்ந்து சிரித்தாள். தோளை ஒடுக்காமல் மணவறைக்கு நடந்தாள்.

தாய் என்னோடு இரண்டு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. ஆனாலும் படத்தொகுப்பை மகளையும் கூட்டிவந்துதான் தெரிந்தெடுத்தார். அதற்குப் பிறகு நான் சொந்தமாக ஸ்ரூடியோ போட்டபோது ஒரு முறையைக் கொண்டுவந்தேன். பிள்ளை பார்க்காமல் அவளுடைய முகத்தில் நான் கைவைப்பதில்லை. இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு, கணினிக்கு முன்னால் பக்கத்திலேயே இருத்துகிறேன். எடுத்தபடியே முதலில் காட்டுகிறேன். வெள்ளையாக்கச் சொல்லும் பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு. நான் வாதாடுவதில்லை. எதை மாற்றவேண்டும் என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன். தொடப்போகும் விரல் பெரும்பாலும் பாதிவழியில் நின்றுவிடுகிறது.

போன வியாழக்கிழமை எழுவைதீவிலிருந்து காலைப் படகில் ஒரு பிள்ளை வந்திருந்தாள். தன் முகத்தைத் திரையில் வெகுநேரம் பார்த்தாள். நெற்றிக்குக் கிட்ட ஒரு பருவில் விரலை வைத்தாள்.

“இதை எடுங்கோ அக்கா, அடுத்த கிழமை எப்பிடியும் போயிடும்,” என்றாள். “மற்றதெல்லாம் என்ர.”