யாருக்கும் பாத்தியம் இல்லாத இடம்

பாதாளச் சாக்கடைக்கு அளவெடுக்க வந்தவர்களில் ஒரே ஒரு பெண் இருந்தாள். படிப்பு முடித்து அதிக நாள் ஆகியிருக்காது. தலையில் மஞ்சள் தொப்பி, தோளில் அளவுக் கருவியை நிறுத்தும் முக்காலி. காலையில் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். வெயில் ஏறிய பிறகு மோர் கொடுத்தேன், அதுவும் வேண்டாம். கூட வந்த ஆண்கள் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் உதட்டை நனைத்துக்கொண்டதோடு சரி. அதற்கு என்ன காரணம் என்று எங்கள் குப்பத்துப் பெண்கள் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போனால் நாங்களும் அப்படித்தான்.

நான் அப்போது மகளிர் குழுவுக்குத் தலைவி. ஆண்கள் ஏரிக்குப் போய்விட்டதால், வந்தவர்களுக்குச் சந்துபொந்தெல்லாம் காட்டும் வேலையை ஊர்த் தலைவர் என்னிடம் விட்டிருந்தார். அவர் என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன். எனக்கும் மாமாதான்.

பழவேற்காட்டு டவுனின் சாக்கடை முழுக்க அதுவரை ஏரியில்தான் விழுந்துகொண்டிருந்தது. இறால் வலையை உதறினால் இறாலைவிட வேறு சமாச்சாரங்கள்தான் அதிகம் விழும். இனிமேல் அதெல்லாம் மண்ணுக்கு அடியில் ஆழமாகப் பதித்த பெரிய குழாய் வழியாக மேற்கே போய்ச் சுத்தமாகும் என்றார்கள். தெருவைக் கிழிக்க மாட்டார்களாம். அங்கங்கே பெரிய கிணறு தோண்டி, அதற்குள் இயந்திரத்தை இறக்கி, ஒரு கிணற்றிலிருந்து அடுத்த கிணற்றுக்குக் குழாயைத் தள்ளிக்கொண்டே போவார்களாம். அந்தக் கிணறுகளை எங்கே தோண்டுவது, குழாயை எந்த வழியாகக் கொண்டுபோவது என்று முடிவுசெய்யத்தான் அவர்கள் வந்திருந்தார்கள்.

நேர்வழி ஒன்று இருந்தது. ஆனால் அது டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் போகிறது. அதைச் சுற்றி மண்வெட்டி படக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாம். "அங்க கை வைக்க முடியாதும்மா" என்றார் பெரிய இன்ஜினியர், ஏதோ நான் கடப்பாரையோடு நிற்பது போல. எப்போதோ துணி வியாபாரத்துக்கு வந்து, காய்ச்சலில் செத்து, அழகாகச் செதுக்கிய கல்லுக்குக் கீழே படுத்திருக்கும் மனிதர்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் குழாய் அவர்கள் தூக்கத்தைக் கலைக்காமல் சுற்றிக்கொண்டு எங்கள் குப்பத்துப் பக்கம் திரும்பியது. திரும்பும் இடத்தில் ஒரு கிணறு வேண்டும். கிரேன் நிற்க, லாரி திரும்ப, மண் கொட்ட, நல்ல அகலமான இடமாக வேண்டும்.

மத்தியான வாக்கில் அந்தப் பெண் என்னைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்கள் வீட்டில் கிடையாது. பக்கத்து வீட்டில் சர்க்கார் கட்டிக்கொடுத்தது ஒன்று இருந்தது. மழை பெய்தால் குழியில் தண்ணீர் ஊறி எல்லாம் மேலே வந்துவிடும் என்று அதில் வலையைப் போட்டுப் பூட்டிவிட்டார்கள். தெருவில் பாதி வீடுகளில் அப்படித்தான். வந்த விருந்தாளிக்கு உட்கார நாற்காலி இல்லை என்றால்கூடச் சிரித்துச் சமாளித்துவிடலாம். இதை எப்படிச் சமாளிப்பது?

"வாம்மா" என்று ஏரிக்கரையோரம் இருந்த வேலிக்காத்தான் புதருக்கு அழைத்துப் போனேன். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் முள்காடு. உள்ளே போனால் ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஒற்றையடிப் பாதை, வயதானவர்கள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கத் தோதாக வளைத்துவிட்ட கிளைகள், கல்யாணமாகி வந்த பெண்களுக்கென்று கொஞ்சம் மறைவான மூலை என்று எல்லாம் ஒரு ஒழுங்கில் இருக்கும். நான் முதுகைக் காட்டிக்கொண்டு காவலுக்கு நின்றேன். வெளியே வந்தவள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அக்கா, கிணத்துக்கு இந்த எடத்தையும் பாத்திருக்கோம். பேப்பர்ல காலி எடம்னு போட்டிருக்கு. வேலை முடிய ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும். சுத்தி தகரம் அடிச்சு வாட்ச்மேன் போட்ருவாங்க."

"ஒங்க சார்கிட்ட சொல்லேன், இது காலி எடம் இல்லன்னு."

"இன்னான்னுக்கா சொல்றது?" என்றாள், எங்கள் பேச்சு அதற்குள் அவளுக்குத் தொற்றியிருந்தது. பிறகு என் வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

சாயங்காலம் கோயில் திடலில் ஊர்க்கூட்டம். எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் உட்காரும் வழக்கம் இல்லை. வலைக்குவியலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்ளலாம். பேசுவதெல்லாம் ஆண்கள்தான். ஏரியில் வலை போடும் இடங்களை அங்கேதான் முறை வைத்துப் பிரிப்பார்கள். எந்த இடமாக இருந்தாலும் பொது என்று அறிவிக்கும் முன் தலைவர் எழுந்து, "யாருக்காச்சும் பாத்தியம் இருக்குதா?" என்று மூன்று தரம் கேட்பார். உரிமை உள்ளவன் எழுந்து சொல்ல வேண்டும். மூன்று தரமும் யாரும் வாய் திறக்காவிட்டால் அந்த இடத்தில் யாருக்கும் உரிமை இல்லை. அப்புறம் வந்து அழுதாலும் எடுபடாது.

ஏரிக்கு நடக்கும் இந்த முறையையே கிணற்றுக்கும் வைத்தார்கள். முதலில் மீன் ஏலம் விடும் கரை. கேட்டு முடிப்பதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அடுத்து கோயில் திடல். மொத்தக் கூட்டமும் எழுந்தது. மூன்றாவது வேலிக்காத்தான் புதர்.

"யாருக்காச்சும் பாத்தியம் இருக்குதா?"

"முள்ளுக்கு யாரு மாமா பாத்தியம் கேப்பாங்க?" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

அங்கே இருந்த ஒவ்வொரு ஆணுக்கும் தெரியும். விடியற்காலையில் அவர்கள் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். எதிரே வந்துவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள், அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் பார்க்காமல் இருந்து இருந்து, அங்கே ஒன்றுமே இல்லை என்று அவர்களே நம்பிவிட்டார்கள். ஏரித் தண்ணீரில் வலை மாட்டும் இடத்துக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் கிடையாது. நாங்களும் "அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வோம்.

இரண்டாம் தரம் கேட்டார். வலைக்குவியலுக்குப் பின்னால் என்னைச் சுற்றி ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள். பேப்பர் கட்டோடு நின்றிருந்த அந்தப் பெண் என்னையே பார்த்தாள். மூன்றாம் தரத்துக்கு மாமா வாயைத் திறந்தார்.

"பாத்தியம் இருக்குது மாமா. எங்களுக்கு."

"எங்களுக்குன்னா?"

"பொம்பளைங்களுக்கு. காலைல நாங்க எல்லாரும் அங்கதான் போறோம்."

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் உடம்பெல்லாம் கூசிவிட்டது. கூட்டத்துக்கு நடுவில் சேலை அவிழ்ந்துவிட்டது போல இருந்தது. என் மாமியார் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினார். என் வீட்டுக்காரர் தரையில் எதையோ தொலைத்துவிட்டவர் மாதிரி தேடத் தொடங்கினார். பெரிய இன்ஜினியர் பேப்பரைப் புரட்டினார். அந்தப் பெண் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்த எடம் வேணாம் சார்" என்றார் மாமா. "ஏலக்கரைல பாதிய எடுத்துக்கோங்க."

சற்றுமுன் கத்திய ஏலக்கரைக்காரர்களில் ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. இந்தப் பேச்சு இன்னொரு வாக்கியம் நீண்டுவிடக் கூடாது என்பதற்காகவே பாதிக் கரையை விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் உரிமையை ஒத்துக்கொண்டு அல்ல, வெட்கம் தாங்காமல் கொடுத்தார்கள். ஜெயித்தவள் நான்தான். ஆனாலும் தலையை நிமிர்த்த முடியாமல் வீட்டுக்கு நடந்தேன்.

சோறு போடும்போது என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏமே, எங்கிட்ட சொல்லியிருந்தா நானே சொல்லியிருப்பேன்ல?"

"இன்னான்னு சொல்லியிருப்பே?"

அவர் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

கதை அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஊர்க்கூட்டம் ஒரு உரிமையை ஒத்துக்கொண்டால் அதை ஊரறியச் சொல்ல வேண்டும் என்பது முறை. யாருக்கு எந்த நாள் முறை, யார் வலை காணாமல் போனது, காற்று எப்படி, எல்லாம் கோயில் மைக்கில்தான் சொல்வார்கள். குரல் நன்றாக இருக்கிறது என்று மைக் பிடிக்கும் வேலையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருந்தார்கள். மறுநாள் விடியும் நேரம், நாங்கள் கையில் சொம்போடு வாசலைத் தாண்டவும், மைக் கரகரத்தது.

"ஊர் பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. வேலிக்காத்தான் பக்கம் நம்ம பொம்பளைங்க போற நேரம் இது. ஆம்பளைங்க யாரும் அந்தப் பக்கம் நடமாடக் கூடாது. மீறுனா ஊர்க் கட்டுப்பாடு."

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தரம் வேறு சொன்னார்.

தெருவில் வந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்கள். அன்று முழுக்க ஒருத்தியும் போகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்து திட்டிவிட்டுப் போனார்கள். "இன்னா வாய்மே ஒனக்கு! ஊமையா இருந்தா செத்தா பூடுவே?" என்றாள் என் ஓரகத்தி. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"நல்லா கேட்டுச்சா?"

"திருப்பாலைவனம் வரைக்கும் கேட்டிருக்கும்" என்றேன். "அங்க நாத்து நட போன பொம்பளைங்ககூட வெக்கப்பட்டு கரையேறி வீட்டுக்குப் போயிருப்பாங்க."

அவருக்குப் புரியவில்லை. நல்லது செய்ததற்கு இப்படி ஒரு பேச்சா என்று நாள் முழுக்க மனத்தாங்கலாக இருந்தார். ஆனால் அடுத்த நாள் மைக் பேசவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள். என்னோடு மட்டும் யாரும் சேர்ந்து வரவில்லை, கொஞ்ச காலத்துக்கு.

ஏலக்கரையில் கிணறு தோண்டினார்கள். கிரேன் வந்தது. குழாய் எங்கள் வீடுகளுக்கு அடியில் எங்கேயோ ஊர்ந்து போனது. எல்லாம் முடிந்து டவுன் வீடுகளுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தார்கள். எங்களுக்கும் இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மகளிர் குழுவில் பேசிக்கொண்டிருந்தோம். பூட்டிய கழிப்பறைகளிலிருந்து சிலர் வலையை எடுத்து வெளியே போட்டுக் கழுவிக்கூட வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் ஜீப்பில் புதிதாக ஒரு அதிகாரி வந்தார். கிணற்று மூடியைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவரை நிறுத்தி, எங்களுக்கு எப்போது என்று கேட்டேன். மாமாவும் ஏலக்கரை ஆட்களும் சுற்றி நின்றார்கள்.

"இந்தக் குப்பம் அடுத்த கட்டத்துலதாம்மா வருது" என்றார் அவர் பொறுமையாக. "வேற வழியில்லாத ஜனங்களுக்கு மொதல்ல. ஒங்களுக்குத்தான் இடம் இருக்கே. ஊர்க்கூட்டத்துல நீங்களே கேட்டு வாங்கிக்கிட்டீங்கன்னு சொன்னாங்க."

யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். மானத்தை விட்டு நான் வாங்கிக்கொடுத்தது எங்கள் தலையிலேயே வந்து விடிந்திருந்தது. கதவோரங்களில் நின்ற பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள். அன்றைக்குத் திட்டிய ஓரகத்தி இப்போது திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"வாங்க சார், அந்த எடத்தக் காட்டுறேன்" என்றேன்.

விறுவிறுவென்று புதரைப் பார்த்து நடந்தேன். பட்டப்பகலில், ஆண்கள் பார்க்க, ஒருத்தி தலையை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தது அதுதான் முதல் தடவை. பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். அவர் வரவில்லை, ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் தனியாக நின்றேன். அப்படியே ஏரியில் இறங்கிவிடலாமா என்றிருந்தது.

திரும்பி ஓடிப்போய் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஊர்க்கூட்டத்தில் ஒரு வரியோடு நிறுத்தியதை இப்போது முழுசாகச் சொன்னேன். ஐப்பசியில் ஏரி ஏறி அந்த இடம் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது நிறைமாதக்காரி எங்கே உட்காருவாள் என்று சொன்னேன். மாத நாட்களில் என்ன செய்வோம் என்று சொன்னேன். ராத்திரி வயிற்றுப்போக்கு வந்தால் என் மாமியாருக்கு என்ன கதி, அதை எந்தப் பாத்திரத்தில் பிடித்து நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன் என்பதையும் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நிறுத்தவில்லை. அதிகாரி ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் ஜீப்புக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாரோ தெரியாது. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவருக்கும் அதெல்லாம் புதிது.