டொக்டர் அண்ணையின் இரண்டு மண்டபங்கள்

திருநர்களுக்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கென்று மொன்றியலில் ஒரு சங்கம் இருக்கிறது. டொக்டர்மார், உளவியலாளர்கள், தாதிமார் எல்லாரும் மாதாமாதம் ஒரு மண்டபத்தில் கூடிப் பேசுவோம். நான் அதில் ஒரு தாதி. வருபவர்களுக்கு ஹோர்மோன் ஊசியைத் தாங்களே போட்டுக்கொள்ளப் பழக்குவது என் வேலை. ஆனால் சங்கத்தில் என் புகழ் ஊசியால் வந்ததல்ல. ஒருமுறை ஆட்டிறைச்சி ரோல்ஸ் கொண்டுபோனேன். அன்றிலிருந்து உணவுக் குழுவின் ஒரே உறுப்பினர் நான்தான். மருத்துவ உலகுக்கு என் பங்களிப்பு என்னவென்று யாராவது கேட்டால், கொலஸ்ட்ரோல் என்று சொல்லலாம்.

என்னை அங்கே சேர்த்துவிட்டவர் டொக்டர் அண்ணை. என்னைப் போலவே யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். இருவருக்கும் ஒரே கோவில்தான். சங்கத்தில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை. அவர் எழுந்து பிரெஞ்சில் பேசினால் மண்டபமே அடங்கிவிடும். எங்கள் சமூகத்துக்குள் நாங்களே வாய் திறக்காவிட்டால் வேறு யார் திறப்பது என்று அவர் ஒருநாள் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த உளவியலாளர் கடதாசிக் கைக்குட்டையை நீட்டினார். ரோல்ஸில் மிளகு கூடிவிட்டது என்று சமாளித்தேன்.

எங்களிடம் வந்தவர்களில் ஒரு தமிழ்ப் பிள்ளை. கோட்-டெ-நெய்ஜில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். மருந்து எழுதுபவர் டொக்டர் அண்ணை, ஊசி பழக்கியவன் நான். அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அம்மாவோடு கதைக்க எங்கள் இருவருக்கும் சம்மதம் தந்திருந்தாள்.

அம்மா இருந்தது நகரின் வடக்கே, மொன்றியல்-நோரில். கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குச் சமைப்பவர். நான் அவர் வீட்டுக்குப் போய், தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

"தம்பி, நீர் நல்லாத்தான் கதைக்கிறீர். ஆனா நீர் நேர்ஸ் தானே?"

"ஓம் அக்கா, அதுவும் ஆம்பிளை நேர்ஸ். ஊரில எண்டால் கலியாணமும் சரிவந்திராது."

சிரித்துவிட்டார். "கோவிக்காதையும். ஒரு டொக்டர் தன்ர வாயால சொல்லட்டும், பிள்ளை பிழையான வழியில போகேல்லை எண்டு. நான் வாறன்."

எங்கள் சனத்தின் வழக்கம் அது. தாதி சொன்னால் கதை, டொக்டர் சொன்னால் தீர்ப்பு. எனக்கு அதில் மனவருத்தமே இல்லை. என் கையில்தான் ஒரு டொக்டர் இருக்கிறாரே! அன்றைக்கே ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, அவவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வரட்டே?"

"வேண்டாமடா, பயந்திடுவா. ஞாயிறு மாதா பெருநாள்தானே. பூசை முடிஞ்சு சாப்பிடேக்க கூட்டிக்கொண்டு வா, நானே கதைக்கிறன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் கோவிலின் கீழ் மண்டபத்துக்கு இறங்கினார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். டொக்டர் அண்ணை பங்குச் சபைத் தலைவரோடு ஒரு மேசையில் இருந்தார். எழுந்து ஒரு பக்கமாக வருவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. அக்காவுக்கோ கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது.

"டொக்டர், ஆம்பிளையாப் பிறந்து பொம்பிளையா வாழுற பிள்ளையளுக்கு நீங்கள் மருந்து குடுக்கிறனீங்களாம். அது சரியான காரியம்தானே?"

கரண்டிகள் நின்றன. தலைவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை தன் தட்டிலிருந்த வடையைப் பார்த்தார்.

"நானோ? சீச்சீ, நான் பிரஷர், சலரோகம் பார்க்கிற ஆள் அக்கா. உதுகள் ஒண்டும் எனக்குத் தெரியாது. உந்தத் தம்பிதான் அப்பிடியான இடங்களில வேலை செய்யிறவர்."

"எட தம்பி, உமக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?" என்றார் தலைவர். மேசை முழுவதும் சிரித்தது.

பகிடிக்காரன் என்று பேர் எடுத்தவன் நான். அன்றைக்குப் பகிடியே நான்தான். வேதாகமத்துச் சீடர் சேவல் கூவுமுன் மறுதலித்ததுபோல மூன்று முறை மறுதலிக்கக்கூட அண்ணைக்குத் தேவைப்படவில்லை; ஒரே தடவையில் முடித்துவிட்டார். சேவல் எங்காவது கூவும் என்று காதைக் கொடுத்தேன். மொன்றியலில் சேவல் வளர்க்கத் தடை.

அக்கா தன் கோட்டை எடுக்கப் போனார். பின்னால் ஓடினேன்.

"அக்கா, அவர் பொய் சொல்லுறார். உங்கட பிள்ளைக்கு மருந்து எழுதுறதே அவர்தான்."

"அப்ப இன்னும் மோசம், தம்பி. பிள்ளையின்ர டொக்டரே பிள்ளையை மறைக்கிறார். அவருக்கே வெக்கமெண்டால் நான் எப்பிடித் தலை நிமிர்ந்து வாறது?"

பின்னேரம் அண்ணை ஃபோன் எடுத்தார். "சனத்துக்கு முன்னால எப்பிடியடா தம்பி? பேந்து ஆறுதலாக் கதைப்பம்." அந்தப் பேந்து இன்றுவரை வரவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் குடும்பங்களை அரவணைப்பது பற்றி அருமையாகப் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். என் கைகளும் தட்டிவிட்டன. அவற்றுக்கு விசயம் தெரியாது.

அறுவைச் சிகிச்சை நாளன்று காலை லீவு போட்டுவிட்டு அந்தப் பிள்ளையோடு போனேன். உள்ளே கூப்பிடும்வரை காத்திருந்தோம்.

"டொக்டர் அங்கிள் சொல்லியும் அம்மா வரேல்லை, என்ன?" என்றாள்.

தலையை ஆட்டுவது சுலபம். இனியும் அவள் மருந்துக்கு அவரிடம்தான் போக வேண்டும். வேறு டொக்டர் கிடைப்பது லேசில்லை. ஆனால் அவளுடைய கோபம் முழுக்கத் தாயின் தலையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

"அவர் சொல்லேல்லை பிள்ளை. தனக்கு ஒண்டும் தெரியாது எண்டிட்டார். அம்மா அவரிட்டக் கேட்டவ. கோவில் ஹோலில, எல்லாருக்கும் முன்னால கேட்டவ."

அவள் டொக்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மாவோ? எல்லாருக்கும் முன்னாலயோ?"

"ஓம்."

"இப்ப கார்டெரியில சாப்பாடு குடுக்கிற நேரம். எடுக்கமாட்டா" என்று சொல்லிக்கொண்டே ஃபோனைக் காதில் வைத்தாள்.