பாலாற்று மணலில் புளிசாதம்

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், ஆரணியில் வாங்கிய ஆறு பட்டுச் சேலைகளைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் காஞ்சிபுரம் திரும்பினேன். குன்றோரத்து மேட்டில் பெரியவர் ஒருவர் சைக்கிளில் வந்து சேர்ந்துகொண்டார்.

"ஒண்ணாவே போலாம்பா" என்றவர், அடிக்கடி மேற்கே பார்த்தார். வழிப்பறிக்காரனோ, கூட்டாளி எவனாவது வரப்போகிறானோ என்று எனக்குச் சந்தேகம்.

பாலாற்றுக்கு முன்னால் என் டயர் பஞ்சர் ஆனது. அவரே டியூபைக் கழற்றி ஒட்டினார். நான் சேலை மூட்டையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காற்றடித்து முடிப்பதற்குள் சூரியன் இறங்கிவிட்டது.

அவர் ஒரு இலைப் பொட்டலத்தை நீட்டினார். "புளிசாதம்பா. நீ சாப்டு."

"நீங்க?"

"எனக்கு நேரம் ஆயிடுச்சுப்பா."

தனக்கு வேண்டாத சோறு எனக்கு மட்டும் எதற்கு? மயக்க மருந்துதான் கலந்திருக்கிறான்! "சாப்பிட்டு வர்றேன், முன்னாடி போங்க" என்று அனுப்பிவிட்டு, பொட்டலத்தை மணலில் வீசினேன்.

அக்கரையில் எனக்காகக் காத்திருந்தார். ஊர் நெருங்கியதும் திருப்பருத்திக்குன்றம் பாதையில் சைக்கிளைத் திருப்பினார். எனக்குச் சுரீரென்றது. அந்த ஊர்ச் சமணர்கள் பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கைகூட வாயில் வைக்கமாட்டார்கள். காஞ்சிபுரத்துக்காரன் எனக்கு அது தெரியாதா? அவர் மேற்கே பார்த்தது தன் சாப்பாட்டு நேரத்தை. அதை என் பஞ்சர் தின்றுவிட்டது.

"வூட்ல கட்டிக் குடுத்தது. உப்பு, புளி சரியா இருந்துச்சாப்பா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

முகம் மலர, பசியோடு போனார். புளிசாதம் இன்றும் எனக்குத் தொண்டையில் இறங்குவதில்லை.