நீயே சொல்லிட்டா அப்புறம் இன்னா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனி. வண்டி பிரேக்கில் பொருத்தும் இரும்பு வளையத்தைச் சோதித்து அனுப்புவதுதான் பதினோரு வருஷமாக அங்கே என் வேலை. வளையத்தின் ஓட்டைக்குள் கேஜ் என்கிற அளவுக் கம்பியை விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. பெட்டி நிறைந்ததும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, அதில் கையெழுத்துப் போட வேண்டும். ஒட்டும்வரை எனக்கு ஒரு குறையும் இருக்காது. ஒட்டிய அடுத்த நொடி ஆரம்பித்துவிடும். கடைசி வளையத்தைப் பார்த்தேனா? பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேனா, பார்த்ததாக நினைத்துக்கொள்கிறேனா? அதற்குள் மனசு எங்கேயோ ஒரு மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பஸ்ஸை உருட்டிவிட்டிருக்கும். அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றியிருக்கும். என் மனசுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

ஒட்டிய பெட்டியைப் பிரிப்பேன். சூப்பர்வைசர் கத்துவார். மூச்சை இழுத்து நாலு எண்ணச் சொல்லி கம்பெனியில் ஒரு நாள் பயிற்சிகூட வைத்தார்கள். நாலு எண்ணினேனா, மூணோடு விட்டுவிட்டேனா என்று எனக்கு அதிலும் சந்தேகம்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் மேஜைக்குப் பேக்கிங் வேலைக்கு எளாவூரிலிருந்து ஒருத்தி வந்தாள். என்னைவிட நாலு வயசு மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன். நான் தள்ளும் பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவது அவள் வேலை. வந்த மூன்றாம் நாளே என் கை பெட்டிக்குத் திரும்பப் போவதைக் கவனித்துவிட்டாள்.

“இன்னாடி தேடற?”

“கடைசி பீஸப் பாத்தேனான்னு தெரியலக்கா.”

“பாத்தடி. நீ பாத்தத நான் பாத்தேன். தள்ளு இப்டி.”

அவ்வளவுதான். அடங்கிவிட்டது. அதிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் நான் முகத்தைத் தூக்குவேன், அக்கா குனிந்தபடியே “நான் பாத்தேன்” என்பாள். ஆறு வருஷம் அப்படியே ஓடியது. சாட்சி இருக்கிறது என்கிற தைரியத்தில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன், பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினேன்.

ஒரு நாள் அக்கா கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தாள். அது இல்லாவிட்டால் எதிர் மேஜைகூட அவளுக்கு மங்கல். அன்றைக்கும் “நான் பாத்தேன்” என்றாள்.

“கண்ணாடி இல்லாம எப்படிக்கா பாத்த?”

விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் என்னிக்கிடி பாத்தேன்? டேப்பு ஒட்டிக்கினு இருக்கறவ உன் கையையா பாத்துக்கினு இருப்பேன்? நீ பாத்திருப்பன்னு தெரியும். அதான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் நீட்டிய கருவாட்டுக் குழம்பைக்கூடத் தொடவில்லை. மூன்றாம் நாள்தான் உறைத்தது. இந்த ஆறு வருஷத்தில் என் கையெழுத்துப் போட்ட பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. யாரும் பார்க்காமலேயே நான் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். அப்புறம் மனசு கேள்வி கேட்டால் “ஒண்ணும் இல்ல, போ” என்று அதட்டக் கற்றுக்கொண்டேன். போய்விட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீனில் மற்றவர்களுக்குப் புத்தி சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டேன்.

போன கத்திரி வெயிலில் ஒரு நாள், டீ நேரம். அக்கா டம்ளரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“தாடையாண்ட இழுக்குதுடி. முதுகுல யாரோ ஏறி உக்காந்துகினு இருக்கற மாதிரி கீது. ரெண்டு நாளா படி ஏறுனா வேர்த்து ஊத்துது. சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு பாக்கறேன்.”

கொசு கடித்ததற்கு மூன்று டாக்டரைப் பார்த்தவள் நான். பழைய ஆளாக இருந்திருந்தால் அந்த இடத்திலிருந்தே அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன். மனசு பதறத்தான் செய்தது. மாரடைப்பு என்று பெயரைச் சொல்லியே பதறியது. ஆரம்பிச்சிட்டியா என்று அதன் வாயை அடைத்தேன். அடைக்க முடிந்ததில் எனக்குப் பெருமை வேறு.

“கேஸா இருக்கும்கா. வெயிலு வேற. ஒண்ணும் இல்ல, போ” என்றேன்.

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அப்புறம் முகம் தெளிந்து சிரித்தாள். “நீயே ஒண்ணியும் இல்லன்ற. நீயே சொல்லிட்டா அப்புறம் இன்னா? ஊட்டுக்குப் போயி ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்.”

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டு எழுந்தாள். சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை நான் ஆரம்பாக்கத்தில் கம்பெனி பஸ் ஏறினேன். எளாவூர் நிறுத்தத்தில் அக்கா இல்லை. போன் செய்தேன், வேறு யாரோ எடுத்தார்கள். நாஷ்டாவுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

மத்தியானம் பெர்மிஷன் போட்டுவிட்டு நாலைந்து பேர் போனோம். அக்காவின் வீட்டுக்காரர் ஹைவேயில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். காலையில் கடையிலிருந்து ஓடிவந்த கையோடு, கிரீஸ்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“உன்னாண்டயாவது எதுனா சொல்லிச்சாம்மா? நோவுது, கீவுதுன்னு?”

“இல்லண்ணா” என்றேன்.

எதையும் பத்துத் தடவை யோசிக்கிற எனக்கு அந்தப் பொய்க்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “பக்கத்துலயே இருந்தேனே. எத்தினி நாளா நோவோ, எனக்கே தெரியலையே. நான் இன்னா மனுசன்?”

என்மேல் விழ வேண்டிய பழி மொத்தமும் அவர் தலையில் போய் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அழுதேன், அதுவும் எல்லோரோடும் சேர்ந்துதான்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அக்கா பிழைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. போகாமல் செய்தது நான். அது நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் செக்போஸ்ட்டில் லாரிகள் தேங்கி, எங்கள் பஸ் அக்கா வீட்டுக்காரரின் கடைக்கு எதிரே நின்றுவிட்டது. ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இளைத்துப் போயிருந்தார். பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று விசாரித்தார். முன்னால் லாரி நகர ஆரம்பித்ததும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“நீயாவது எதுனா நோவுச்சின்னா வாயத் தொறந்து யார்கிட்டயாவது சொல்லிடும்மா. அது மாதிரி உள்ளயே வெச்சிக்கினு இருக்காத.”

சரிண்ணா என்றேன்.