சத்தியம் செய்யாத முதலாளி

குவைத்தில், ஃபர்வானியாவில் நான் வேலை பார்த்த மருத்துவச் சாமான் கடையின் முதலாளி ஓர் இங்கிலாந்துக்காரர். குவேக்கர் என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம் உண்டு, அதில் பிறந்தவர். அவர்களுக்குப் பாதிரியார் கிடையாது, பூசை கிடையாது. அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலையில் கடைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு, ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். "சும்மா இருந்துட்டு எந்திரிச்சுப் போறதுக்குப் பேரு செபமா, அக்கா?" என்று எங்கள் டிரைவர் கேட்பான். அவனும் என்னைப்போலக் குமரிக் கடற்கரைக்காரன். எங்கள் ஊரில் செபம் என்றால் கடலுக்குப் போனவன் காதிலும் விழ வேண்டும்.

இடுப்புவலி வந்து நர்ஸ் வேலையை விட்டபிறகு அந்தக் கடையில் ஸ்டோர் பார்க்க வந்தேன். நல்ல மனிதர், பொய் சொல்ல மாட்டார், பேரம் பேச மாட்டார், சம்பளம் தள்ளிப்போட மாட்டார். ஆனால் சத்தியம் மட்டும் செய்யவே மாட்டார். குவைத்தில் தக்காளி விற்பவன்கூட வாய்க்கு வாய் 'வல்லாஹி' என்பான், கடவுள் மேல் ஆணை என்று அர்த்தம். எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவர் வாயில் மட்டும் அது வந்ததே இல்லை. ஆமாம் என்றால் ஆமாம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் கடவுளை எதற்கு இழுக்க வேண்டும் என்பார்.

கடையில் ஒரு மருந்தாளர் இருந்தார். ஐரோப்பாக்காரன் ஆண்டுவிட்டுப் போனபோது பக்கத்து நாட்டுக்காரன் புகுந்துகொண்ட ஒரு பாலைநிலம் அவருடைய நாடு. பெயரை எழுதமாட்டேன், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர் மனைவி எல்லைக்கு வெளியே அகதி முகாமில் மருந்தகம் நடத்தினாள். இவர் விடுதலை இயக்கத்தின் ஆள். துப்பாக்கி தூக்கியவர் இல்லை, மருந்து சேர்த்து அனுப்புகிறவர்.

அவருக்கு விசா எடுத்துக் கொடுத்ததும், தங்க இடம் கொடுத்ததும், அந்த முகாமுக்குப் பெட்டி பெட்டியாக மருந்து அனுப்பியதும் எங்கள் முதலாளிதான். வெள்ளைக்காரன் ஒருவன் பிடுங்கியதை இன்னொரு வெள்ளைக்காரன் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்பார். ஒருமுறை இயக்கத்துக்காரர்கள் வயர்லெஸ் வாங்கித் தரச் சொன்னார்கள். சண்டைக்குப் பயன்படுவது எதையும் தொடமாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். எனக்கு அன்று அவர்மேல் பெரிய மரியாதை வந்தது.

கொரோனா முடிந்து கடைகள் மூச்சுவிட்ட காலத்தில் யாரோ புகார் கொடுத்தார்கள், பெட்டிகளில் ஆயுதம் போகிறது என்று. போலீஸ் வந்து மருந்தாளரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் நாட்டைப் பிடித்து வைத்திருப்பவர்களிடமே அவரை ஏற்றி அனுப்பிவிட்டால் கதை முடிந்தது. அவருக்கு முன்னால் அப்படிப் போனவர்களில் யாரும் சிறையைவிட்டு வெளியே வந்ததாக அவர் கேள்விப்பட்டதில்லை.

விசாரிக்க வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. ஆங்கிலத்தில் பேசினார், டீ குடித்தார், ஸ்டோரில் இருந்த பெட்டிகளைத் திறந்து பார்த்தார். கட்டுத்துணி, பேதிக்கு உப்புக்கரைசல் பொடி, பிள்ளைகளுக்கான இருமல் மருந்து. எல்லாம் சரி என்றார்.

"ஏற்கெனவே போன பெட்டிகளை நான் திறந்து பார்க்க முடியாது. அதிலும் மருந்துதான் போனது என்று சத்தியம் செய்யுங்கள். அந்த ஆளைக் கடைக்கே திருப்பி அனுப்புகிறேன். கலாஸ், அத்தோடு முடிந்தது."

"மருந்துதான் போனது" என்றார் முதலாளி.

"வல்லாஹி சொல்லுங்கள்."

"நான் சத்தியம் செய்வதில்லை."

அதிகாரி சிரித்தார். "எங்கள் வேதம் வேண்டாம், உங்கள் வேதத்தின் மேல் கை வையுங்கள்."

என் மேசையில் கிடந்த பைபிளை எடுத்து முதலாளி முன்னால் வைத்தேன். "சார், உண்மையைத்தானே சொல்லச் சொல்றாங்க. கைய வைங்க சார்." அவர் அந்தப் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இன்றைக்குச் சத்தியம் செய்தால் நேற்றுவரை நான் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டார். நான் செய்கிறேன் என்று புத்தகத்தின் மேல் கை வைத்தேன். சம்பளத்துக்கு இருப்பவள் சத்தியம் செல்லாது என்று அதிகாரி என் கையை விலக்கச் சொன்னார்.

பிறகு அதிகாரியின் முகம் மாறிவிட்டது. உண்மையைச் சொல்கிறவன் கடவுளின் பெயருக்கு ஏன் பயப்பட வேண்டும்? அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. எழுந்து போய்விட்டார்.

"ஒரு வார்த்த சொன்னா நாக்கு தேஞ்சா போவும்?" என்று டிரைவர் முதலாளி காதில் விழும்படியே தமிழில் கத்தினான். முதலாளி நாற்காலியைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. எனக்கு அந்த நாற்காலியைத் தூக்கி எறியலாம்போல இருந்தது.

அந்த வாரமே மருந்தாளரை விமானம் ஏற்றினார்கள். இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டார்கள் என்று அவருடைய நண்பர் ஒருவர் போனில் சொன்னார். அதன்பிறகு எந்தத் தகவலும் இல்லை.

முதலாளி மருந்து அனுப்புவதை நிறுத்தவில்லை. கடையைத் துருவித் துருவிப் பார்த்தார்கள், அப்போதும் வேறு வழியாக அனுப்பினார். ஒருநாள் முகாமிலிருந்து மருந்தாளரின் மனைவி கூப்பிட்டாள். பெட்டி வந்துசேர்ந்தது, பெரியவருக்கு நன்றி சொல்லுங்கள், என் புருஷனுக்காக அவர் என்ன பேசினார் என்று கேட்டாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு அவரிடம் கேட்டேன்.

"நடந்ததைச் சொல்" என்றார். "எதையும் மறைக்காதே."

அவருக்கு அரபி வராது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் கடை அரபியில், ஒரு சத்தியம் கேட்டார்கள், செய்திருந்தால் விட்டிருப்பார்கள், இவர் செய்யவில்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். அவர் மதத்தில் சத்தியம் செய்வது கிடையாது என்றேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்த வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது. அவர் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.

அவள் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: "பெரியவரிடம் கேட்டுச் சொல்லுங்கள், அடுத்த பெட்டி எப்போது வரும்?"