விடுங்க, சிஸ்டர்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கதை கட்டிச் சொல்வதில் எனக்கு ஒரு காசு லாபமில்லை. இது நடந்தது. நடந்தது எனக்கல்ல, என் அண்ணிக்கு. அண்ணி பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டர். வீட்டில் பேய்ப்படம் போட்டால் பாதியிலேயே குறட்டை விடுகிற ஆள். அவர் வாயிலிருந்து இது வந்தது என்பதால்தான் நானே நம்பினேன்.

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியாது. இது வந்தது பட்டப்பகலில். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். ஆபரேஷன் தியேட்டருக்குள் ஊசி விழுந்தாலும் தெரிகிற வெளிச்சம்.

காரை விளக்குக் கம்பத்தில் மோதிவிட்ட ஒரு ஆளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாற்பது வயதிருக்கும். மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது. பிரஷர் அதலபாதாளம். உடனே வயிற்றைத் திறந்தால் பிழைப்பான். திறக்க வேண்டுமானால் முதலில் மயக்கம் கொடுத்து, மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட வேண்டும். அது அண்ணியின் வேலை.

கத்தி பிடிக்கிறவருக்கு ‘ஆச்சா டாக்டர்’ என்று பெயர். நாங்கள் வைத்ததல்ல, ஆஸ்பத்திரியே வைத்தது. மயக்கம் கொடுக்கத் தொடங்கிய நொடியிலிருந்து “ஆச்சா? ஆச்சா?” என்று கழுத்தறுப்பார். அவருக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அடிபட்டு வருகிறவன் சாப்பிட்ட வயிற்றோடு வருவான். மயக்கத்தில் அந்தச் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆள் காலி. அதனால் ஊசி போட்டதும் சிஸ்டர் ஒருவர் அவன் குரல்வளையை இரண்டு விரலால் அழுத்திப் பிடிப்பார். உணவுக்குழாய் மூடிக்கொள்ளும். ட்யூப் உள்ளே போன பிறகு டாக்டர் “விடுங்க” என்பார். அப்போதுதான் விட வேண்டும். அந்தப் பிடியில் பழம் தின்று கொட்டை போட்ட சிஸ்டர்தான் அன்றைக்கு நின்றார்.

அண்ணி அவன் தலைமாட்டில் நின்று ஆக்சிஜன் மாஸ்க்கை வைக்கப் போனார். அவன் முகத்தைத் திருப்பினான்.

“தூங்க வைக்காதீங்க, டாக்டர்.”

“வைக்கலைன்னா செத்துடுவீங்க.”

“அப்ப உங்க பக்கத்துல நிக்கிறவளை வெளிய போகச் சொல்லுங்க.”

அண்ணி திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் மருந்து வண்டிதான் இருந்தது. சிஸ்டர் எதிர்ப்பக்கம் நின்றார். ரத்தம் போனால் மூளை உளறும், அண்ணி பார்க்காததா?

“இங்க யாரும் இல்லை. உங்க மூச்சுக்கு நான் பொறுப்பு.”

எல்லா நோயாளியிடமும் சொல்வதுதான். மாஸ்க்கை அழுத்தி வைத்தார்.

மாஸ்க்கோடு ஒரு ரப்பர் பை இருக்கும். நோயாளி மூச்சை இழுத்தால் சுருங்கும், விட்டால் உப்பும். சுருங்கியது, உப்பியது. நடுவில் இன்னொரு தடவை... மெதுவாகச் சுருங்கி உப்பியது. மாஸ்க் ஒழுகுகிறதோ என்று மாற்றிப் பிடித்தார். ஒழுகவில்லை. அவன் மூச்சுக்கு நடுவில் வேறு யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஆச்சா?”

“இருங்க, சார்.”

தூங்க வைக்க ஒரு ஊசி. உடம்பை மொத்தமாகக் கட்டிப்போட இன்னொரு ஊசி. அது உள்ளே போனால் இமையைக்கூட அசைக்க முடியாது, மூச்சும் நின்றுவிடும். பிரஷர் கிடந்த கிடப்பில் தூக்க மருந்தைக் கொஞ்சமாகத்தான் கொடுக்க முடிந்தது. கழுத்து அசையாமலிருக்கப் போட்டிருந்த பட்டையைக் கழற்றினார்கள். உதவியாள் தலையை இரு பக்கமும் அசையாமல் பிடித்துக்கொண்டார்.

“அழுத்துங்க, சிஸ்டர்.”

“அழுத்திட்டேன்.”

அவன் மூச்சு நின்றது. பையும் நிற்க வேண்டும். ஆனால் அது சுருங்கியது... உப்பியது.

அண்ணி மாஸ்க்கை எடுத்துவிட்டு வாயைத் திறந்து விளக்கை உள்ளே விட்டார். தொண்டை தெரிந்தது. மூச்சுக்குழாய் வாசல் தெரியவில்லை. இறுக மூடிக் கிடந்தது.

“போகலை. கொஞ்சம் தளர்த்துங்க.”

ட்யூப் முட்டி நின்றது.

“விடுங்க, சிஸ்டர்.”

மறுபடி முட்டியது.

“விடுங்கன்னு சொல்றேன்ல?”

“நான் எப்பவோ விட்டுட்டேன், டாக்டர்.”

அண்ணி நிமிர்ந்தார். சிஸ்டரின் இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன. உதவியாளின் கைகள் அவன் காதோரத்தில் இருந்தன.

அவன் கழுத்தில்... குரல்வளைக்கு இரு பக்கமும்... இரண்டு குழி. கட்டைவிரல் அளவு. எல்லோரும் பார்க்கப் பார்க்கக் குழி ஆழமானது.

மானிட்டரில் ஒரு சத்தம் உண்டு. ஆக்சிஜன் இறங்க இறங்க அந்தச் சத்தமும் கீழே இறங்கும். டிங்... டிங்... டங்... டொங்... எண்பது. எழுபது. மாஸ்க்கில் காற்றைத் தள்ளினார். நெஞ்சு எழும்பவே இல்லை.

“ஆச்சா?” என்றார் ஆச்சா டாக்டர். இந்தத் தடவை அவரே தலைமாட்டுக்கு வந்துவிட்டார்.

“கத்தி எடுங்க, சார். கழுத்தைத் திறந்துடலாம்.”

அவர் கத்தியைக் கழுத்தருகே கொண்டுபோனார். கை பாதியில் நின்றது. நகரவில்லை.

“யாரோ பிடிக்கிறாங்க,” என்றார்.

ஐம்பது.

டொங்...

அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு உயிரைக்கூட இப்படிக் கையில் வைத்துக்கொண்டு விட்டதில்லை. குனிந்தார். யாருக்கும் கேட்காமல், தன் தோளுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் காற்றிடம் சொன்னார்:

“என் டேபிள்ல வேண்டாம். இவன் ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினதும் உன் இஷ்டம்.”

குழி ஒன்று எழும்பியது.

இன்னொன்றும்.

ட்யூப் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

அவன் பிழைத்தான். சாயங்காலம் போலீஸ்காரர் வந்து சொன்னபோதுதான் தெரிந்தது. காரில் முன்சீட்டில் அவன் மனைவியும் இருந்திருக்கிறாள், பிணமாக. மோதி இறக்கவில்லை. முந்தின நாளே இறந்து விறைத்துப்போன உடம்பு. எங்கேயோ கொண்டுபோய்ப் போட எடுத்துப் போயிருக்கிறான். அவள் கழுத்தின் இரு பக்கமும் கட்டைவிரல் தடம் பதிந்திருந்ததாம்.

வார்டில் அவனைக் கட்டிலோடு விலங்கு போட்டு வைத்தார்கள். அண்ணி பார்க்கப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். உயிரைக் காப்பாற்றியவளிடம் இவ்வளவு வன்மமா என்று அண்ணி நினைத்தார். அவன் கொலைகாரன்தான். ஆனாலும் அவன் மூச்சுக்குப் பொறுப்பு என்று சொன்ன வாயால்தானே ‘உன் இஷ்டம்’ என்றும் சொன்னோம் என்று அவருக்கு உறுத்தியது. பயமாகவும் இருந்தது. லேசாகக் காய்ச்சல், இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று ஏதேதோ சாக்குச் சொல்லி அவனை உள்ளேயே வைத்திருந்தார்.

“ஆச்சா? அனுப்புங்கம்மா,” என்றார் ஆச்சா டாக்டர். “இது ஆஸ்பத்திரியா, சத்திரமா?”

கடைசியில் ஒரு காலை அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோக வேன் வந்தது. அண்ணி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். வேன் கேட்டைத் தாண்டியது.

நின்றது.

ஹாரன் விடாமல் அலறியது.

மாஸ்க்கும் பையும் விளக்கும் எடுத்துக்கொண்டு ஓடினார். வேன் தரையில் மண்டியிட்டு அவன் வாயைத் திறந்தார். மூச்சுக்குழாய் வாசல் மூடியிருந்தது. கழுத்தில் இரண்டு குழி.

“விடு,” என்றார். “விட்டுடு. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.”

விடவில்லை.

சாவுக்குக் காரணம் நுரையீரலில் ரத்தக்கட்டி என்று பிறகு எழுதி முடித்தார்கள். அண்ணி வேன் படியிலேயே உட்கார்ந்திருந்தார். விலங்கின் மறுமுனையைக் கையில் மாட்டியிருந்த போலீஸ்காரர் வெளிறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

“கேட் தாண்டினதும் எதிர் சீட்டைப் பாத்துக் கும்பிட்டான், டாக்டர். அங்க யாரும் இல்லை. ‘டாக்டர் உன்கிட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அன்னிக்கு நான் தூங்கவே இல்லை’ன்னான்.”

அண்ணியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

“அப்படி என்ன டாக்டர் சொன்னீங்க?”