தேம்ஸின் தலைமாட்டில்

வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான், லண்டனுக்கு வந்து ஆறுகளில் நிபுணன் ஆனேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நூலகத்தில், தேம்ஸ் ஆறு பிறக்கும் கிளாஸ்டர்ஷயர் என்ற நாட்டுப்புற மாவட்டத்தைப் பற்றி மூன்று புத்தகங்கள் எடுத்து வாசித்ததுதான் என் தகுதி. அங்கே கால் வைத்ததுகூடக் கிடையாது.

2009 கோடையில், ஈஸ்ட் ஹாமில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணை செத்துப்போனார். பெற்றோல் ஸ்டேஷனில் வருடக்கணக்காக இரவு ஷிப்ட் பார்த்த மனிதர். மனைவியிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான்: "என்ர சாம்பலை இந்த லண்டனுக்குள்ள மட்டும் கரைச்சுப் போடாதையும்." ஊருக்குக் கொண்டுபோகும் நிலைமை அந்த வருடம் இல்லை. எல்லோரும் களைத்திருந்தோம். ஏன் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அக்கா என்னிடம் யோசனை கேட்டார்.

"தேம்ஸ் பிறக்கிற இடத்துக்கே போவம் அக்கா. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்."

"வடிவாத் தெரியுமோ?"

"ஓம், வாசிச்சனான்."

போகிற வழியெல்லாம் பிரசங்கம் செய்தேன். ரோமர்கள் போட்ட நேர் சாலை, ஆட்டு உரோமம் விற்ற காசில் எழும்பிய தேவாலயங்கள், தேன் நிறக் கல் வீடுகள். பின்சீட்டில் சாம்பல் டப்பாவை மடியில் வைத்திருந்த அக்கா கடைசியில் சொன்னார்: "ஆட்டை விடும் தம்பி. ஆறு எங்க?"

ஆறு இல்லை. ஒரு மரம், மரத்தடியில் தேம்ஸ் இங்கே பிறக்கிறது என்று எழுதிய கல், சுற்றிலும் காய்ந்த புல், எங்களையே பார்த்துக்கொண்டு நின்ற மாடுகள். கோடையில் அந்த ஊற்று வற்றிவிடுமாம். புத்தகம் ஒன்றில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அடிக்குறிப்பு வாசிக்கும் பழக்கம் எனக்கில்லை.

"உதில மாட்டுக்குக் குடிக்கவே காணாது," என்றார் அக்கா.

தண்ணீரைத் தேடி வயல் வயலாக நடந்தோம். வேலிப்படிகளில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நடப்பது சுலபமாக இருந்திருக்கும். ஒரு கிராமம் தாண்டிச் சிறு பாலத்தடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடைத்தது. அதில் கரைத்தோம். சாம்பல் சற்று யோசித்துவிட்டு மெல்லக் கிளம்பியது.

"போயிட்டார்," என்றார் அக்கா. முகத்தில் முதல்முறையாக ஓர் ஆறுதல்.

சில நாள் கழித்து அவர் வீட்டில் தேநீர் குடிக்கும்போது, "இப்ப எவ்விடத்தில போய்க்கொண்டிருப்பார்?" என்று கேட்டார். மறுபடி நிபுணனானேன். வரைபடத்தை மேசையில் விரித்து, விரலை ஆற்றோடு நகர்த்தினேன். ஆக்ஸ்ஃபோர்ட், ரெடிங், வின்ட்சர். லண்டன் தொடங்கும் முன் என் விரல் நின்றது.

"ஏன் நிப்பாட்டினீர்?"

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் விரலால் மிச்ச ஆற்றையும் தொடர்ந்து முடித்தார். பிறகு எனக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

"அப்ப மனுசன் திரும்ப ஷிப்டுக்கு வாறார்."